வரியில் சலுகையா, கையில் ரொக்கமா?

(கரையான்சாவடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் பேச வேண்டிய விஷயம் நிதி மந்திரிகளும் பொருளாதார நிபுணர்களும் மாத்திரமே பேசுவதாக நாம் நினைத்துக் கொண்டிருக்கிற விஷயம். நாட்டிலே திடீரென்று ஒரு நெருக்கடி வருகிறது. தொழில் நிற்கிறது, கூலி நிற்கிறது. அப்போது சர்க்கார் எப்படி உதவ வேண்டும்? வரியைக் குறைத்து உதவுவதா? பணத்தை நேரே கையில் கொடுத்து உதவுவதா? இதுதான் கேள்வி.

"பட்ஜெட் சமாசாரத்தில் நமக்கென்ன?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். இந்தக் கேள்வி சமீப காலத்தில் இரண்டு தடவை நம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்காக வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமாக வந்தது. அந்த நாட்களில் நம் வீட்டு அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது இந்தக் கேள்விக்கு சர்க்கார் கொடுத்த பதிலைப் பொறுத்தே இருந்தது.

வரியைக் குறைக்கச் சொல்பவர்களின் வாதம்

எதிர்த்தரப்பார் சொல்வதை முதலில் ஒழுங்காகக் கேட்போம். அவர்கள் சொல்வது இதுதான்: "கம்பெனிக்கு வரியைக் குறைத்தால் அதன் கையில் பணம் மிஞ்சும். மிஞ்சிய பணத்தில் புது மிஷின் வாங்கும், புது ஷெட் போடும், ஆள் எடுக்கும். வேலை கிடைத்தால் கூலி தானே வரும். ரொக்கமாகக் கொடுத்தாலோ, வாங்கியவன் செலவழித்து விடுவான், அதோடு போயிற்று."

காதுக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தொழிலாளி எந்த மிஷினையும் ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவான். இதையும் ஓட்டிப் பார்ப்போம்.

2019-ம் வருஷம் மோட்டார்த் தொழிலில் பெரும் மந்தம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலையில் 16 நாட்கள் வேலை இல்லை என்று அறிவித்தார்கள். பெரிய ஆலை மூச்சு விடாவிட்டால், அதற்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் அம்பத்தூர், திருமழிசைப் பட்டறைகள் என்ன ஆகும்? முதலில் காண்டிராக்ட் தொழிலாளியைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்தச் சமயத்தில் மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2019 செப்டம்பர் 20-ந் தேதி நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் கோவாவில் ஓர் அறிவிப்புச் செய்தார். கம்பெனிகளின் அடிப்படை வருமான வரி 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக இறங்கியது. புதிதாக ஆலை ஆரம்பிக்கும் கம்பெனிக்கு 15 சதவிகிதம்தான். இதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. அன்று ஒரே நாளில் பம்பாய்ப் பங்கு மார்க்கெட்டின் குறியீடு 1,921 புள்ளிகள் ஏறியது.

மார்க்கெட் ஏறியது. ஆலையின் சக்கரம் சுழன்றதா? லாரி ஏன் விற்கவில்லை? வாங்க ஆளில்லை. லாபத்தின் மீது வரி குறைந்ததால் புதிதாக லாரி வாங்குகிறவன் முளைத்து விடுவானா? மாட்டான். விற்காத சரக்கு கிடங்கில் குவிந்திருக்கும்போது எந்த முதலாளியும் புது ஷெட் போட மாட்டார். வந்த சலுகையைக் கடனுக்குக் கட்டுவார். மிச்சத்தைக் கையிருப்பில் வைப்பார். இது என் சொந்தக் கற்பனை அல்ல. 2020 ஆகஸ்டில் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் வருஷாந்தர அறிக்கையே, இந்த வரிச் சலுகை கடன் அடைக்கவும் ரொக்கக் கையிருப்பைப் பெருக்கவும் போயிற்று, புது முதலீட்டைக் கிளப்பவில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறது.

கஜானாவின் கதி என்ன? கம்பெனி வரியாக 2018-19-ல் ஏறக்குறைய 6 லட்சத்து 63 ஆயிரம் கோடி வந்தது. 2019-20-ல் 5 லட்சத்து 57 ஆயிரம் கோடிதான் வந்தது. மந்தமும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் வரிக் குறைப்பினால் மட்டும் முதல் இரண்டு வருஷத்தில் விட்டுக்கொடுத்தது 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி என்று பார்லிமெண்டின் மதிப்பீட்டுக் கமிட்டி பின்னர் கணக்குக் காட்டியது.

ஊரடங்கு வந்தது

கஜானாவை இப்படிக் காலி செய்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2020 மார்ச் 24 இரவு பிரதம மந்திரி பேசினார். நான்கு மணி நேரத்தில் நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அம்பத்தூர் எஸ்டேட் மூடிக் கிடந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பஸ்கள் நின்றன. பூ மார்க்கெட்டை அடைத்ததால் மல்லிகை பறிக்கிற பெண்களுக்குக் கூலி இல்லை. மே மாதம் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாற்றியபோது, ஒரு நாள் மூட்டை தூக்கும் வேலையாவது கிடைக்காதா என்று இந்தப் பக்கத்து இளைஞர்கள் பலர் அங்கே போய் நின்றார்கள்.

அந்த நாளில் வரியைக் குறைத்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? 130 கோடி மக்களில் உண்மையாக வருமான வரி கட்டுகிறவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்தான் என்று சர்க்காரே அந்த வருஷம் சொன்னது. மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரனுக்கு வருமான வரி கிடையாது; ஆகவே குறைக்கவும் ஒன்றும் கிடையாது. சம்பளமே நின்றுபோனவனுக்கோ கேட்கவே வேண்டாம். சைபரில் எத்தனை சதவிகிதம் தள்ளினாலும் சைபர்தான்!

விவசாயத் தொழிலாளருக்கும் இதே மாதிரி ஒரு வேடிக்கை நடந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலியை உயர்த்திவிட்டோம் என்றார்கள். தமிழ்நாட்டில் 229 ரூபாய் 256 ரூபாயாயிற்று. நாளுக்கு 27 ரூபாய் உயர்வு, நல்லதுதான். ஆனால் ஏப்ரல் மாதம் ஊரடங்கில் ஏரி வேலையும் இல்லை, வரப்பு வேலையும் இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலி உயர்வு, வருமானம் இல்லாதவனுக்கு வரிக் குறைப்பு. இரண்டும் ஒரே ஜாதி.

ஆகவே அப்போது நேரே கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதை சர்க்கார்களும் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதுதான் விவகாரம். மத்திய சர்க்கார் ஜன் தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தது. ஆளுக்கு 5 கிலோ தானியமும் கொடுத்தது. ராஜ்ய சர்க்கார் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத ரேஷன் சாமானை இலவசமாகவும் கொடுத்தது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஜன் தன் கணக்கில் பணம் பெற்ற பெண்கள் சுமார் 20 கோடிப் பேர். தலைக்கு 1,500 என்றால் மொத்தம் 30,000 கோடி. கம்பெனிகளுக்கு ஒரு வருஷத்தில் விட்டுக்கொடுப்பதாகச் சொன்ன தொகை 1,45,000 கோடி. அதே தொகையை அந்த 20 கோடிப் பெண்களுக்குப் பங்கிட்டிருந்தால், ஒவ்வொருவர் கையிலும் 7,250 ரூபாய் விழுந்திருக்கும்! கஜானாவில் பணம் இல்லாததால் 500 ரூபாய் கொடுத்தார்கள் என்று இனி யாராவது சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

ஒரு கையால் கொடுத்து, மறு கையால் வாங்கியது

இன்னொன்றையும் கவனியுங்கள். நெருக்கடி நேரத்தில் எல்லா வரியும் குறையவில்லை. ஒரு வரி ஏறியது. 2020 மார்ச் 14-ல் பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 3 ரூபாய் வரி ஏற்றினார்கள். மே மாதம் மறுபடியும் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். உலக மார்க்கெட்டில் கச்சா எண்ணெய் சரிந்து கிடந்த நேரம் அது. அந்தச் சரிவின் பலன் ஜனங்களுக்கு வராமல் கஜானாவுக்குப் போயிற்று.

இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிற தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். போக வர 40 கிலோமீட்டருக்குக் குறையாது. மாதம் 25 நாள் என்றால் 1,000 கிலோமீட்டர். 20 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 13 ரூபாய் கூடுதல் வரி என்றால் மாதம் 260 ரூபாய். மனைவியின் கணக்கில் வந்தது 1,500. புருஷன் வேலைக்குப் போன ஆறே மாதத்தில் பெட்ரோல் பங்கில் கட்டியது 1,560. இந்த வரியை 2021 நவம்பர் வரை குறைக்கவே இல்லை. டீசல் வரியால் காய்கறிக்கும் அரிசிக்கும் ஏறிய வண்டிச் சத்தம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பிராவிடண்ட் பண்டிலும் ஒரு "சலுகை" வந்தது. 2020 மே முதல் மூன்று மாதத்துக்குச் சந்தா 12 சதவிகிதத்திலிருந்து 10 ஆயிற்று. 10,000 ரூபாய் அடிப்படைச் சம்பளக்காரனுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கையில் வரும். அது யார் பணம்? அவனே கிழவயதுக்கு ஒதுக்கும் பணம்! அதுவும் சம்பளம் வந்தவனுக்குத்தான். கேட்டுக்கு வெளியே நின்றவனுக்கு அதுவும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இது நம் நாட்டில் மட்டும் நடந்த விவாதம் அல்ல. 2020 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், சம்பளத்தில் பிடிக்கும் வரியை நிறுத்திவைக்கலாம் என்றார். அங்கேயும் ஜனங்கள் கேட்டார்கள்: வேலையே போனவனுக்குச் சம்பளம் ஏது, சம்பள வரி ஏது? ஒரே வாரத்தில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையில்லாப் படிக்கு மனுப் போட்ட நேரம் அது. கடைசியில் முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அந்த நாட்டின் காங்கிரஸ் சபையே வயது வந்தவருக்கு 1,200 டாலர், குழந்தைக்கு 500 டாலர் என்று நேரே கொடுக்கச் சட்டம் செய்தது. ஜப்பானில் அந்த வருஷம் நாட்டில் வசித்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் யென் கொடுத்தார்கள். ஏழையின் மீது வந்த இரக்கம் மட்டும் இதற்குக் காரணமல்ல. ஜனங்கள் கையில் காசில்லாவிட்டால் கடையில் வியாபாரம் நிற்கும். கடை நின்றால் ஆலை நிற்கும் என்ற பயம்தான்.

நம் ராஜ்யத்திலேயே அனுபவம் இருக்கிறது. 2021-ல் இரண்டாவது அலை வந்தபோது அரிசிக் கார்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தார்கள். சுமார் 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. அந்தப் பணம் பங்கு மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அந்த வாரமே மளிகைக் கடைக்கும், மருந்துக் கடைக்கும், வீட்டு வாடகைக்கும் போயிற்று. ஏழையின் கையில் வந்த ரூபாய் தூங்காது, தோழர்களே. "செலவழித்து விடுவான்" என்று குற்றம் சொல்கிறார்களே, நெருக்கடியில் நாட்டுக்குத் தேவைப்படுவதே அந்தச் செலவுதான்.

வெள்ளத்தில் கண்டது

2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு விதமான உதவியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தோம். பூந்தமல்லி, ஆவடி தாலுகாக்கள் உள்பட பாதிக்கப்பட்ட இடங்களில் ரேஷன் கடை மூலம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார்கள். வரிப் பக்கத்தில் கிடைத்த உதவி என்ன? சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஜில்லா வியாபாரிகள் நவம்பர் மாத ஜி.எஸ்.டி. கணக்கைக் கொடுக்க டிசம்பர் 27 வரை கெடு நீட்டினார்கள். இடுப்பளவு தண்ணீர் நின்ற அம்பத்தூர்ப் பட்டறைக்காரருக்கு அந்தக் கெடு ஓரளவு உபகாரம்தான். ஆனால் அந்தப் பட்டறையில் தினக்கூலிக்கு நின்றவனுக்குக் கெடு நீட்டி என்ன பிரயோஜனம்? அவனுக்கு நனைந்த பாயும், கெட்டுப்போன அடுப்பும், பிள்ளையின் புத்தகமும்தான் கவலை. 6,000 ரூபாய் அதற்குப் போதவில்லை. ஆனாலும் அந்தப் பணம் வீடு வந்து சேர்ந்தது.

வரிக் குறைப்பே கூடாதா?

ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "சோப்புக்கும் பற்பசைக்கும் வரி குறைந்ததே, அது நமக்கு நல்லதில்லையா?" நியாயமான கேள்வி. நல்லதுதான். ஏழை வாங்கும் பண்டத்தின் மீதுள்ள வரியைக் குறைக்க வேண்டும் என்று நாம்தான் முதலில் கேட்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் வரி 18-லிருந்து 5 சதவிகிதமாயிற்று. மாதம் 500 ரூபாய்க்கு இவற்றை வாங்கிய குடும்பத்துக்கு, கடைக்காரர் முழுதும் குறைத்து விற்றால், 55 ரூபாய் மிஞ்சும். அதே நாளில் சின்னக் கார்களின் வரி 28-லிருந்து 18 ஆயிற்று. 5 லட்ச ரூபாய் அடக்க விலையுள்ள கார் வாங்குகிறவருக்கு 50,000 ரூபாய் மிச்சம். அதே வருஷ பட்ஜெட்டில் வருஷத்துக்கு 12 லட்சம் சம்பாதிப்பவருக்கு 80,000 ரூபாய் வரி மிச்சம். கார் அதிகம் விற்றால் ஒரகடத்தில் வேலை கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். அதிகம் செலவழிப்பவனுக்கு அதிகம். குறைவாகச் செலவழிப்பவனுக்குக் குறைவு. ஒன்றும் வாங்க முடியாதவனுக்கு ஒன்றுமில்லை. வரிக் குறைப்பின் சுபாவம் அது. நல்ல காலத்தில் விலையைக் குறைக்க அது உதவலாம். பசி வந்த நாளில் அதை நம்பி உலை வைக்க முடியாது.

ரொக்கத்திலும் ஓட்டை உண்டு

ரொக்கம் என்றால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. 2020 ஏப்ரலில் பி.எம். கிஸான் திட்டத்தில் 2,000 ரூபாய் தவணையை முன்கூட்டிக் கொடுத்தார்கள். யாருக்கு? நிலம் சொந்தமாக உள்ளவருக்கு. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கு இல்லை. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து நம் பக்கத்தில் உழைக்கிற தோழர்களுக்கு இங்கே கார்டு இல்லை. ஆகவே 1,000 ரூபாயும் இல்லை. வாடகைக்கு ஊர்விட்டு ஊர் மாறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

ஒரு தாயார் இன்னொன்றைச் சொன்னார்: "ரொக்கத்தை ஆம்பளை கையில் கொடுத்தால் பாதி டாஸ்மாக்குக்குப் போகும்." உண்மை. அதனால்தான் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் கொடுக்க வேண்டும் என்கிறோம். சாராயக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நிவாரணம் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான அபாயம் ஒன்று உண்டு. "பணம் கொடுத்துவிட்டோம், இனி ரேஷன் எதற்கு?" என்று கேட்கிற கூட்டம் காத்திருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரியில் 2015-ல் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பின்னால் ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. அரிசி விலை ஏறினால் பணம் சுருங்கிவிடும். 20 கிலோ அரிசி என்றைக்கும் 20 கிலோதான். ஆகவே ரொக்கம் அரிசியோடு சேர்ந்து வரட்டும், அரிசிக்குப் பதிலாக வர வேண்டாம்.

பணத்துக்கு எங்கே போவது?

"இவ்வளவும் கேட்கிறீர்களே, பணம் எங்கே?" என்பார்கள். இந்த மேடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆவடி இருக்கிறது. 1955 ஜனவரியில் அங்கேதான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1957-ல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொத்து வரி கொண்டுவந்தார். பெரிய சொத்துக்காரன் வருஷா வருஷம் சிறு பங்கு கட்ட வேண்டும் என்ற சட்டம் அது. ஓட்டைகள் நிறைந்த சட்டந்தான். ஆனால் ஓட்டையை அடைப்பதற்குப் பதில், 2015 பட்ஜெட்டில் அந்த வரியையே ஒழித்துவிட்டார்கள்.

சொத்துக்காரனின் வரி ஒழிந்தது. கம்பெனியின் வரி குறைந்தது. பெட்ரோல் வரி ஏறியது. பணம் எங்கே என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நிவாரணம் நல்லதா என்று பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யார் கைக்கு வருகிறது? என்றைக்கு வருகிறது? யார் பையிலிருந்து வருகிறது? மூன்றாவது கேள்வியை விட்டுவிட்டால், நமக்குக் கொடுத்த காசை நம் பையிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

நாம் கேட்பது என்ன?

2020 நவம்பர் 26-ந் தேதி மத்தியத் தொழிற்சங்கங்கள் நடத்திய அகில இந்தியப் பொது வேலைநிறுத்தத்தில், வருமான வரி கட்டாத குடும்பங்களுக்கு மாதம் 7,500 ரூபாயும், தேவைப்படுவோருக்கு ஆளுக்கு மாதம் 10 கிலோ இலவச தானியமும் கேட்டோம். அதிகம் என்று சிரித்தார்கள். சற்று முன் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்ன ஒரு வருஷச் சலுகையிலிருந்து தலைக்கு 7,250 வந்தது!

அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும் ஒவ்வொரு மழைக்கும் நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே கேட்டு வைப்போம்.

வேலை நின்ற வாரத்திலேயே நிவாரணம் கைக்கு வர வேண்டும். குடும்பத்துப் பெண்ணின் பெயரில் வர வேண்டும். கார்டு இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர், வெளி ராஜ்யத் தொழிலாளி யாரும் விடுபடக் கூடாது. நிலமில்லாத விவசாயத் தொழிலாளிக்கு நிலமுள்ளவருக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். ரேஷன் அரிசி தொடர வேண்டும். ஆலை மூடிய நாட்களுக்குக் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சம்பளம் வேண்டும். இதற்கான செலவை அரிசியின் மேலும் டீசலின் மேலும் ஏற்றாமல், கொழுத்த லாபத்தின் மேலும் பெருஞ்சொத்தின் மேலும் விதிக்க வேண்டும்.

நாளைக் காலையே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் ரேஷன் கார்டு இல்லாத குடும்பம் எது, வேறு ஊரில் கார்டு உள்ள குடும்பம் எது, நலவாரியத்தில் பதிவு செய்யாத தொழிலாளி யார் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். அம்பத்தூருக்குப் போகிறவரும் எழுதட்டும். வயலுக்குப் போகிறவரும் எழுதட்டும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு எல்லோருமாகத் தாலுகா ஆபீசுக்குப் போவோம். அடுத்த வெள்ளம் வரும்போது கரையான்சாவடியில் ஒரு குடும்பம்கூட டோக்கன் கிடைக்காமல் வாசலில் நிற்கக் கூடாது.